கவ்வாத்து வெட்டிய கிழங்குப் பாத்தி

எங்கள் லயத்து வரிசை வீட்டில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் ஏறிக் குதிக்கிற அளவுக்குத் திறந்து கிடக்கும். வெள்ளைக்காரன் காற்றோட்டத்துக்கென்று விட்டானா, செங்கல்லை மிச்சம் பிடிக்க விட்டானா, தெரியாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசை முழுக்கத் தும்மும். ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால் வரிசை முழுக்க நியாயம் பேசும். ஆகையால் மூக்கன் வீட்டுக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவேண்டாம். நான் அடுத்த காம்பராக்காரி. காதில் பஞ்சை வைத்துக்கொண்டா குடித்தனம் நடத்த முடியும்?

லிந்துலைக்கு மேலே இருக்கிறது எங்கள் சவுக்குமலைத் தோட்டம். மூக்கன் அங்கே கவ்வாத்துக்காரர். தேயிலை வயசாகிக் கொழுந்து குறைந்து போனால், செடியை முழங்கால் உயரத்துக்கு மேலே விட்டு மொட்டையாக வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் புதிதாய்ப் பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். ஒரே குச்சியாக நிற்கும். ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் குச்சியிலிருந்து தளிர் பிடுங்கிக்கொண்டு வரும். அதைக் கிள்ளக் கிள்ள எங்கள் கூடை நிறையும். மூக்கன் வெட்டிய மலை தளிர்க்கிற மாதிரி வேறு யார் வெட்டியதும் தளிர்க்காது என்று மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை மனுஷனுக்குத் தலைக்கு ஏறிப்போய், எந்தச் செடியைப் பார்த்தாலும் எங்கே கத்தி வைக்கலாம் என்றுதான் பார்ப்பார். ஒரு தடவை கோயில் செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் பூசாரியிடம் நல்ல ஏச்சு வாங்கினார். அடுத்த திருவிழாவுக்கு அது இலை தெரியாமல் பூத்தது. பூசாரி வாயை மூடிக்கொண்டார். மூக்கன் செம்பருத்திப் பக்கம் ஒரு பார்வை மட்டும் பார்த்தார். செய்ததைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை அவர். செடி தளிர்த்துக் காட்டட்டும் என்று இருக்கிற ஆள்.

அரிசி விலை ஏறிய வருஷம் அது. சல்லிசாகக் கொடுத்துவந்த கூப்பன் அரிசிக்குச் சர்க்கார் ஒரே நாளில் யானை விலை வைத்துவிட்டது. கொழும்பில் ஹர்த்தால் என்றார்கள், ரயிலை மறித்தார்கள் என்றார்கள், மந்திரிமாரெல்லாம் கப்பலில் ஏறிக்கொண்டு கூட்டம் போட்டார்கள் என்று டவுனுக்குப் போய்வந்தவர்கள் கதை சொன்னார்கள். எங்களிடம் கேட்க யார் இருக்கிறார்கள்? எங்கள் ஓட்டுரிமையைத்தான் அதற்கு முன்பே பிடுங்கிக்கொண்டார்களே. ஓட்டு இல்லாத வயிறும் பசிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. சம்பள நாளில் அரிசிக்குப் பிடித்தது போக எங்கள் கையில் விழுந்ததைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்றிருந்தது.

மூக்கனுக்கு மூத்தது பெண், பூரணி. அடுத்தது பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற வயசில் ஒரு பொடியன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற வகுப்பையெல்லாம் பூரணி அந்த வருஷத்தோடு முடிக்கிறாள். தை மாதத்தில் இவளை லிந்துலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், வீணாக்காதீர்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். நாகலெட்சுமி, அதுதான் பூரணியின் அம்மா, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மலையில் அவளைப்போலக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. ஆனால் தன் பெண் தலையில் கூடைக்கயிறு ஏறக்கூடாது என்பதில் அப்படி ஒரு வைராக்கியம்.

அரிசி விலை ஏறிய பிறகு ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு மேலே பேச்சு வந்தது. தை பிறந்ததும் பூரணிக்குத் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்துவிடலாம், அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் தந்தாலும் அரிசிக்காவது ஆகும் என்றார் மூக்கன். செல்லசாமி கங்காணியிடம் சொல்லியும் வைத்துவிட்டாராம். நாகலெட்சுமி கத்தவில்லை. லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே கல்லும் புல்லுமாகக் கிடக்கிற சரிவை நான் திருத்துகிறேன் என்றாள். உருளைக்கிழங்கு போடுகிறேன், ஓரத்தில் போஞ்சிக் கொடியும் முட்டைக்கோவாவும் வைக்கிறேன், ஒரு நேரச் சாப்பாடு அந்தப் பாத்தியிலிருந்து வந்துவிட்டால் பெண் பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள்.

"வரலேன்னா?" என்றார் மூக்கன்.

"வரலேன்னா நானே கூட்டிக்கிட்டுப் போயி பெரட்டுல நிறுத்துறேன். போதுமா?"

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம். அன்றோடு அந்தப் பாத்தியைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதை விட்டுவிட்டார்கள். பந்தயம் கட்டினவர்கள் மாதிரி அவரவர் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். இதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

விதைக் கிழங்கு கொடுத்தவர் மரியநாயகம். தொரை பங்களாவில் காய்கறித் தோட்டம் பார்ப்பவர், வேதக்காரர், நல்ல மனுஷன். பங்களா குசினியில் முளைவிட்டுப் போன கிழங்கை மாட்டுக்குப் போடச் சொன்னார்களாம். மாடு என்ன புண்ணியம் செய்தது, இந்தக் குடும்பம் என்ன பாவம் செய்தது என்று யோசித்தாரோ என்னவோ, சாக்கில் கட்டி நாகலெட்சுமிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மண்ணை அணைத்துவிடு, தழையைத் தொடாதே, அது தானாகப் பழுத்துச் சாய்ந்த பிறகு தோண்டு என்று சொல்லியும் கொடுத்தார். அவள் கேட்டுக்கொண்டாள். அவள் கேட்டதை அவள் புருஷன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பாத்திப் பேச்சுத்தான் கிடையாதே.

மலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து தாயும் மகளும் அந்தச் சரிவில் கல் பொறுக்கினார்கள். மாட்டுப்பட்டியிலிருந்து சாணி சுமந்தார்கள். போஞ்சிக்குக் கொம்பு நட்டார்கள். கோழி கிளறாமல் இருக்கப் பூரணி பாத்தி ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து பாடம் படிப்பாள். சத்தம் போட்டுப் படித்தால் கோழி வராது என்று யார் சொன்னார்களோ, கூவிக் கூவிப் படிப்பாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைக் கேட்டே சரித்திரப் பாடத்துச் சீதாவாக்கை ராஜ்யமெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. மூக்கன் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் குந்தி பீடி குடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்க்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

தழை வந்தது பாருங்கள், அப்படி ஒரு தழை. பச்சைப் பசேலென்று மண் தெரியாமல் மூடிக்கொண்டது. முதலில் சிரித்தவர்களெல்லாம் தங்கள் வாசலில் ஒரு கொத்து மண்ணைக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் வரிசை ராக்காயி கூட நட்டாள். அவளுக்கு நாக்கைத் தவிர வேறெதுவும் வேலை செய்து நாங்கள் பார்த்ததில்லை. போஞ்சி காய்க்கத் தொடங்கியதும் நாகலெட்சுமி எனக்கும் ஒரு கை பறித்துக் கொடுத்தாள். கிழங்கு வந்துவிட்டால் என் பிள்ளை தப்பித்துவிடும் அக்கா என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முன்னால் உடப்புசல்லாவையில் அவள் தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் இல்லாத வீடு. பெரியம்மாவாவது நிற்காவிட்டால் நன்றாக இருக்காது என்று பூரணியையும் பொடியனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். போகும்போது பாத்தியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னாள். புருஷனிடம் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நாங்கள் பொம்பளைகள் எல்லாம் மேல்மலையில் கொழுந்தில் நின்றோம். கவ்வாத்துக்காரர்களுக்குக் கணக்கு வேலை, வெட்டவேண்டியதை வெட்டி முடித்தால் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம். நான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

பாத்தி முழுக்க மொட்டை. போஞ்சியும் கோவாவும் அப்படியே நின்றன. உருளைக்கிழங்குச் செடி ஒன்று பாக்கியில்லாமல், ஒரு சாண் விட்டு, ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. கோழி செய்த வேலை இல்லை, பன்றி செய்த வேலையும் இல்லை. அந்த மட்டத்தைப் பார்த்தாலே கை யாருடையது என்று தோட்டத்துக்கே தெரியும். மூக்கன் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் குளிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நான் அவரோடு பேசவில்லை. பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகலெட்சுமி வந்தாள். கையில் சடங்கு வீட்டுப் பலகாரப் பொட்டலம். பொட்டலத்தைக்கூட இறக்கி வைக்காமல் நேரே பின்பக்கம் போனாள். பூரணி ஓவென்று அழுதாள். நாகலெட்சுமி அழவில்லை. பாத்திக்குள் கால் வைக்கவும் இல்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். இஸ்தோப்பில் மூக்கன் எழுந்து நின்றார். ஏதோ கேட்பாள், சொல்லலாம் என்று நின்ற மாதிரி இருந்தது. அவள் அவரை ஒரு தூண் மாதிரி கடந்து போனாள். அன்றைக்குச் சுவருக்கு மேலே ஒரு சத்தமும் வரவில்லை. சட்டிப் பானைச் சத்தம் மட்டும் வந்தது. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாளே பீலியில் கதை கட்டியாயிற்று. பொம்பளை ஜெயித்துவிடுவாளே என்று பொறாமையில் வெட்டிவிட்டான் என்றாள் ராக்காயி. பெண்ணின் சம்பளத்தில் உட்கார்ந்து தின்ன ஆசை என்றாள். பெற்ற பிள்ளை சோற்றில் மண் போட்டவன் என்று இன்னொருத்தி. நானும் மறுத்துப் பேசவில்லை. வேறென்ன நினைப்பது? கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு உருளைக்கிழங்குப் பாத்தியில் என்ன வேலை?

மூக்கனுக்கு இந்தப் பேச்சு கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதுவும் பெரட்டுக்களத்தில், ஆம்பளைகள் எல்லாரும் நிற்கிறபோது. செல்லசாமி கங்காணி அவர் தோளில் தட்டி, கெட்டிக்காரன்யா நீ, பொம்பளையோட வாய் பேசாம கத்தியாலயே காரியத்த முடிச்சிட்ட, தை பொறந்ததும் மகள அனுப்பு என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். வெட்டினது செடியைக் கெடுத்துவிட்டதோ என்று அப்போதுதான் மூக்கனுக்குத் தட்டியதாம், வேலைக்குப் போகாமல் நேரே பங்களாத் தோட்டத்துக்கு மரியநாயகத்திடம் போயிருக்கிறார்.

இதை மரியநாயகம் பின்னால் என்னிடம் சொன்னார். உருளைக்கிழங்கை வெட்டினால் அடியில் பலக்காதா என்று கேட்டாராம் மூக்கன். இவர் விஷயம் தெரியாமல், யாராவது வெட்டுவார்களா, தழை போனால் கிழங்கு அதோடு நின்றுவிடுமே என்று சொல்லியிருக்கிறார். மூக்கன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தோட்டமே ஒன்றை நம்பிக்கொண்டிருக்கும்போது தனி ஆள் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார். தீபாவளி வந்தது, போனது. அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

வெட்டின தண்டெல்லாம் காய்ந்துபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி மண் கிளறுகிற முள்ளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருக்கிறதைத் தோண்டிவிட்டு அந்த இடத்தில் கீரையாவது போடலாம் என்றாள். நானும் கூடப் போனேன். வெட்டினதற்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பாத்திக்குள் கால் வைத்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள். வெட்டின தழையை அவர் வீசி எறிந்திருக்கவில்லை. கட்டைக்கு வெயில் படாமல் ஒவ்வொரு செடிக்கும் மேலே கிடத்தியிருந்தார். கவ்வாத்து மலையில் செய்கிற வேலை அது. தண்ணீர் தங்காமல் வழிய, வெட்டு ஒவ்வொன்றும் சாய்ந்திருந்தது. மேல் மூலையில், போஞ்சிக் கொடிக்குப் பின்னால், ஒரு கல் நட்டிருந்தது.

கல்லில் மஞ்சள். அதன் மேல் மழையில் கரைந்தது போக மிச்சம் இருந்த குங்குமம். காலடியில் இரண்டாக அறுத்த எலுமிச்சம்பழம் வற்றிச் சுருண்டு கிடந்தது. கல்லின் நெற்றியில் சூடம் எரிந்த கரி.

அது கவ்வாத்துச் சாமி. புது மலையில் கத்தி வைக்கிற முதல் நாள் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு, கத்திகளை அதன் முன்னால் அடுக்கி, சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கவ்வாத்துக்காரர்கள் செடியைத் தொடுவார்கள். கையில் வெட்டுப் படக்கூடாது, வெட்டின செடி சாகக்கூடாது, நல்லாத் தளிர்க்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். சாமி கும்பிடாமல் மூக்கன் ஒரு நாளும் கத்தி எடுத்ததில்லை. அதைச் செய்தவர் இந்தக் கையகலப் பாத்திக்கும் செய்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல், தன்னந்தனியாக.

நாகலெட்சுமி அந்தக் கல்லுக்கு முன்னால் குந்தினாள். கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கெடுக்க நெனச்சவரு சூடம் கொளுத்துவாராக்கா?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. பீலியில் பேசினவர்கள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்து அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தவேண்டும் போல ஆத்திரம் வந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

தோண்டினோம். கிழங்கு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. கோலிக்குண்டும் நெல்லிக்காயுமாக உருண்டு உருண்டு வந்தது. தோலைச் சீவினால் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நேரச் சாப்பாடு என்ன, ஒரு வாரத்துக் குழம்புக்குக்கூட அது காணாது. நாகலெட்சுமி அதை ஒன்று விடாமல் பொறுக்கி மடியில் கட்டினாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே பேச்சு வந்தது. நான் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டேன். ஆமாம், கேட்பதற்காகத்தான்.

"பூத்துருச்சு புள்ள" என்றார் மூக்கன். "நீ போன மறுநா பாத்தா அம்புட்டுச் செடியும் பூ. தேயிலை பூத்தா என்னா அர்த்தம்? சத்தெல்லாம் பூவுல போச்சுன்னு அர்த்தம். நீ திரும்பி வாரதுக்குள்ள எல்லாம் பாழாப் போயிருமேன்னு பதறிப்போயிட்டேன். மேல வெட்டுனா கீழ பலக்கும்னு நெனச்சேன். செம்பருத்தி தளுத்துச்சே."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேக்குற மாதிரியா நீ இருந்த?"

"சொல்ற மாதிரி நானும் இல்லதான்" என்றாள். பிறகு மெதுவாக, பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்று உங்களுக்கு எப்போது மனசு மாறிற்று என்று கேட்டாள். கோழி விரட்டிக்கொண்டு அவள் படித்ததைக் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிவிட்டது என்றார். கங்காணியிடம் கொடுத்த பேரைத் திரும்ப வாங்கத்தான் இருந்தேன், கிழங்கு வரட்டும், உன் கையால் ஜெயித்துக் காட்டு, அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன் என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். அந்த மனுஷன் அழுது கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆனால் அழுதால் அரிசி விலை இறங்குமா? நாகலெட்சுமி சொன்ன சொல் தவறாதவள். போஞ்சியும் கீரையும் வாய்க்கு ருசி, வயிற்றுக்குக் கிழங்குதானே வேண்டியிருந்தது. தை பிறக்கட்டும், பேர் போட்டுவிடுங்கள், வேறு வழி தெரியவில்லை என்று அவளே சொன்னாள். மூக்கன் பீடிக்குத் தீக்குச்சி கிழிக்கிற சத்தம் வந்தது. பூரணி இருமுகிற சத்தம் கேட்டது. பிள்ளை தூங்கவில்லை.

தை பிறந்த பிறகு வந்த முதல் பெரட்டு. ஆளைக் கூப்பிடத் தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். அடுத்த இஸ்தோப்பில் பூரணி நின்றாள். யாரும் எழுப்பவில்லை, யாரும் சொல்லவில்லை. அம்மாவின் பழைய சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள். அது தரையில் புரண்டது. தலையில் கூடைக்கயிறு. கூடை பின்னால் முழங்காலுக்கும் கீழே தொங்கியது. அழவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. போகலாமா என்று கேட்கிற மாதிரி நின்றாள்.

நாகலெட்சுமி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூக்கன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். எழுந்து வந்து கயிற்றை அவள் தலையிலிருந்து எடுத்தார். முடி சிக்கியிருந்தது, அதையும் பொறுமையாக விடுவித்தார்.

"வெட்டுனவன் நானு. நீ எதுக்கும்மா கூடை தூக்குற?" என்றார். "போ, புத்தகத்த எடு. லிந்துலைக்கு நேரத்தோட நடக்கணும்."

கூடையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார். செல்லசாமி கங்காணி, மகள் எங்கே என்று கேட்டார். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், காலையில் கவ்வாத்து வெட்டிவிட்டு மத்தியானத்துக்கு மேல் நான் கொழுந்தெடுக்கிறேன், அந்த அரைப்பேரை எனக்கே போடுங்கள் என்றார் மூக்கன்.

அந்தக் காலத்தில் ஆம்பளை கொழுந்தெடுப்பது என்றால் என்னவென்று இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அது பொம்பளை வேலை. தலையில் கயிற்றை மாட்டிக்கொண்டு பொம்பளைகளோடு வரிசையில் நிற்கிறவனை ஆம்பளைக் கணக்கில் வைக்கமாட்டார்கள். பெரட்டே சிரித்தது. சேலையும் கட்டிக்கிட்டு வருவியா என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். தோட்டத்திலேயே பேர்போன கவ்வாத்துக்காரர் அத்தனையும் வாங்கிக்கொண்டு, எனக்குக் கொழுந்து நிரை எங்கே என்று மட்டும் கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல் வந்தார். படங்கு கட்டி, தலையில் கயிறு போட்டு, கூடை பின்னால் கோணிக்கொண்டு தொங்க, நாகலெட்சுமிக்கு அடுத்த நிரையில் நின்றார். ராக்காயி விடுவாளா? புதுப்பொண்ணு வந்திருக்கு, ஆரத்தி எடுங்கடி என்றாள். மலையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. மூக்கனும் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்ததும் ராக்காயிக்கு மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் போயிற்று.

கைக்கு வேலை பிடிபடவில்லை. கிள்ளவேண்டிய இடத்தில் முறித்தார். இளங்கொழுந்தை விட்டுவிட்டு முற்றினதைப் பறித்தார். இரண்டு கையும் ஒன்றாகப் போகவில்லை. பொழுது இறங்கிக்கொண்டே வந்தது, கூடையில் அடி மறையவில்லை. நாகலெட்சுமி தன் நிரையை விட்டு அவர் பக்கம் வந்தாள். அவர் கையைத் தன் கைக்குள் பிடித்து ஒரு கொழுந்தின் மேல் வைத்தாள்.

"வெட்டாதீங்க" என்றாள். "கிள்ளுங்க."

சொல்லிவிட்டுத் தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் வாரி அவர் கூடையில் போட்டாள். மறுபடி வாரிப் போட்டாள். நாங்கள் எல்லாரும் செடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரம் ராக்காயிக்கும் கண்ணில் ஏதோ தூசி விழுந்துவிட்டது.

நெல்லிக்காய்க் கிழங்கையெல்லாம் நாகலெட்சுமி சாம்பலில் புரட்டிக் கட்டிலுக்கடியில் பரப்பி வைத்திருந்தாள். தின்னத்தான் உதவாது, விதைக்கு உதவும் என்று மரியநாயகம் சொல்லியிருந்தார். மாசி பிறந்தபோது அது முளைவிட்டிருந்தது. பாத்தியை அகலப்படுத்திக் கல் பொறுக்கினவர் மூக்கன். அந்தச் சாமிக் கல்லை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது மூக்கன் கொழுந்தெடுத்த அந்த முதல் நாள் சாயங்காலம்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை மூக்கனின் கூடையைத் தராசில் மாட்டிவிட்டு ஆச்சரியப்பட்டார். முதல் நாளுக்கு இது எவ்வளவோ மேல் என்றார். அடுத்து நாகலெட்சுமியின் கூடையை மாட்டினார். அவளுக்கு அத்தனை குறைவாக நிறுத்தது அதுவரைக்கும் கிடையாது. என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மேல்மலையில் மழைங்க, எடுக்க முடியல என்றாள் நாகலெட்சுமி.

கணக்கப்பிள்ளை எங்களைப் பார்த்தார். ஆமாங்க, நல்ல மழை என்றோம் நாங்கள் எல்லாரும். அன்றைக்கு மலையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.